47 நாளாக ஓப்பன் ஐட்டம்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், நான் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் நிறுவனத்தின் போர்ட்டலை மறுபடி திறந்து பார்த்தேன். என் விண்ணப்பத்துக்கு எதிரே இன்னும் ‘அண்டர் ரிவ்யூ’ என்றுதான் இருக்கிறது. கடைசி இன்டர்வியூ ரவுண்டு முடிந்து 47 நாள் ஆகிறது.

பெயர் வேண்டாம். அமெரிக்கப் பெரு நிதி நிறுவனம், நியூயார்க்கிலும் அலுவலகம் உண்டு, சென்னையில் பேக் ஆபீஸ். நான் பதினொரு வருடமாக ரீகன்சிலியேஷன் பார்ப்பவன். நம் ஏட்டில் இருக்கும் கணக்கும் வெளி வங்கி அனுப்பும் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்க்கிற வேலை. ஒத்துப்போகாவிட்டால் அது பிரேக். முடிக்காமல் கிடந்தால் ஓப்பன் ஐட்டம். அதற்கு வயது கணக்குப் போடுவோம். முப்பது நாள் தாண்டினால் எங்கள் ரிப்போர்ட்டில் சிவப்பாகிவிடும். ஏன் நிற்கிறது, யார் பொறுப்பு என்று மேலே வரை பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஒழுங்கையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள், இன்டர்வியூவுக்கு வந்தவனை மட்டும் எந்த ரிப்போர்ட்டிலும் ஏற்றாமல் விட்டுவிடுகிறார்கள். என் கோபம் அவ்வளவுதான். வேலை கிடைக்காததற்காக இல்லை.

மொத்தம் ஆறு ரவுண்டு. இரண்டு நாள் ‘உடம்பு சரியில்லை’ என்று லீவு. ஒரு வீடியோ ரவுண்டை இப்போதைய ஆபீஸின் பேஸ்மென்ட்டில், டூவீலர் பார்க்கிங்கில் நின்றபடி முடித்தேன். அதில் ஒரு இளைஞர் 25 குதிரைகளைப் பற்றிக் கேட்டார். ஒரு ஓட்டத்துக்கு 5 குதிரைதான், கையில் கடிகாரம் கிடையாது, முதல் மூன்று குதிரைகளைக் கண்டுபிடிக்கக் குறைந்தது எத்தனை ஓட்டம்? ஏழு. முந்தின வாரமே யூடியூபில் பார்த்து வைத்திருந்தேன். யோசிப்பது மாதிரி கொஞ்சம் நடித்துவிட்டுச் சொன்னேன், அவரும் பாராட்டினார். பதினொரு வருடத்தில் என் மேஜைக்கு ஒரு குதிரையும் வந்ததில்லை.

ஆனால் நேரில் நடந்த ரவுண்டை மறக்க மாட்டேன். மணப்பாக்கம் பக்கம், சனிக்கிழமை. செக்யூரிட்டி போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட்டார். ஐம்பது வயதிருக்கும் ஒருவர், ரெஸ்யூமைத் தொடவே இல்லை. இரண்டு தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தார். “இது நம்ம லெட்ஜர், இது ஸ்டேட்மென்ட். 1,800 டாலர் உதைக்குது. பாருங்க.”

1,800 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். அப்படி வந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது பழைய கணக்குப்பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த வழி. மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். ஏழாவது வரி. ஸ்டேட்மென்ட்டில் 5,760, லெட்ஜரில் 7,560.

“சரி, திருத்திடுவீங்களா?”

“நான் திருத்த மாட்டேன் சார். என்ட்ரி போட்டவர் திருத்தணும், இன்னொருத்தர் அப்ரூவ் பண்ணணும்.”

அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்கச் சந்தை 2024 மே 28 முதல் டி பிளஸ் ஒன்றுக்கு மாறியதே, அதாவது வாங்கி விற்ற மறு வேலைநாளே பணமும் பங்கும் கைமாறியாக வேண்டும், அதனால் நம் இரவு ஷிஃப்ட் என்ன பாடுபட்டது என்று அவரும் புலம்பினார், நானும் புலம்பினேன். வேலையைத் தெரிந்தவர் வேலையைப் பற்றிக் கேட்டால் இன்டர்வியூ எவ்வளவு சுகமாக இருக்கிறது! மற்ற ஐந்து ரவுண்டும் எதற்கு என்று இன்னும் புரியவில்லை.

கடைசியில் எச்ஆர். முதல் கேள்வியே “கரன்ட் சிடிசி எவ்வளவு?” அதாவது, இப்போது வருடத்துக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று. மூன்று மாத பே ஸ்லிப் அனுப்பச் சொன்னார். பி.எஃப். கணக்கின் யூஏஎன் எண்ணை வாங்கி எங்கெங்கே வேலை பார்த்தேன் என்று சரிபார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பணம் புழங்கும் இடம், போலி அனுபவச் சான்றிதழும் ஊரில் நிறைய. ஆனால் பழைய சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்றுதான் தருவார்கள் என்றால், அந்த இரண்டு தாளும் விரலோட்டமும் எதற்கு? நியூயார்க் நகரத்தில் விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதே 2017 அக்டோபர் 31 முதல் சட்டவிரோதம். அங்கே கேட்கக் கூடாத கேள்வி, இங்கே முதல் கேள்வி.

அக்கா மகளுக்கு இந்த ஆறு ரவுண்டு பாக்கியம்கூட இல்லை. பி.காம் கடைசி வருடம், வேறொரு நிறுவனம். லேப்டாப் திரையில் கேள்வி வரும், முப்பது விநாடி யோசிக்கலாம், இரண்டு நிமிடம் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். எதிரே ஆளே இல்லை. கோல்ட்மேன் சாக்ஸ் 2016-லேயே கல்லூரி மாணவர்களின் முதல் சுற்றை இப்படிப் பதிவு வீடியோவுக்கு மாற்றியது. இப்போது பலரும் செய்கிறார்கள். “மாமா, நடுவுல குக்கர் விசில் அடிச்சுது, யார்கிட்ட ஸாரி சொல்றதுன்னு தெரியல” என்றாள். அவளுக்கும் பதில் வரவில்லை.

ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும், எல்லோருக்கும் எப்படிப் பதில் போடுவது என்று எச்ஆர் நண்பர்கள் கேட்கலாம். விண்ணப்பித்த எல்லோருக்கும் வேண்டாம். ஆறாவது ரவுண்டு வரை கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாலு பேர்? ‘இல்லை’ என்று ஒரு வரி போதும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது இன்று காலை ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன். ரீகன்சிலியேஷன் லீட், மணப்பாக்கம், ரொம்ப அர்ஜென்ட். அதே நிறுவனம், அதே போஸ்ட்.

“அங்க ஏற்கெனவே அட்டெண்ட் பண்ணியிருக்கீங்களா சார்?”

சொன்னேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“பெண்டிங்னு காட்டுது சார். ரிஜெக்ட் ஆகியிருந்தா ஆறு மாசம் கழிச்சு மறுபடி போடலாம். பெண்டிங்ல இருந்தா சிஸ்டம் எடுக்காது.”

“அப்போ என்னை ரிஜெக்ட் பண்ணச் சொல்லி யார்கிட்ட கேக்கணும்?”

“அது தெரியல சார்” என்றார் அந்தப் பெண், பாவம்.