‘கால் எட்டலையா, சீட்டை இறக்கு’: இதைத் தவிர வேறு எதுவும் தெரியாதா?

கால் குட்டையான ஒருவர் மவுண்டன் பைக் வாங்கினால் போதும், ஊரே ஆலோசனை சொல்ல வந்துவிடுகிறது. “உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில் பதியணும். அதுவரைக்கும் சீட்டை இறக்கு.” விற்பவர் இதையே சொல்கிறார், கூட ஓட்டுபவர் இதையே சொல்கிறார், சைக்கிளைத் தொட்டுப் பல வருஷம் ஆனவரும் இதையேதான் சொல்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது தப்பு. முட்டியைக் கெடுக்கிற தப்பு.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். தொடை இடுக்கிலிருந்து பாதம் வரை உள்ள அளவு ஒருவருக்கு 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சீட் உயரத்துக்கு ரொம்ப காலமாகப் புழங்கும் கணக்கு, அந்த அளவை 0.883-ஆல் பெருக்குவது. சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்டின் பெயரில் வழங்கும் கணக்கு அது. 70-க்கு 61.8 வருகிறது. கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரைக்குமான நீளம் அது. மவுண்டன் பைக்கில் அந்த அச்சே தரையிலிருந்து 33 செ.மீ. வாக்கில் உயர்ந்து நிற்கும். கல்லிலும் வேரிலும் பெடல் இடிக்கக் கூடாது என்பதற்காக. சீட் கம்பி நுழையும் ஃபிரேம் குழாயான சீட் டியூப் பின்னால் சாய்ந்திருப்பதையும் கணக்கில் கழித்துவிட்டால்கூட, சீட் தரையிலிருந்து 92 செ.மீ.-க்கு மேல் வந்துவிடும். கால் 70, சீட் 92. உட்கார்ந்தபடியே பாதம் எப்படிப் பதியும்?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கால் அளவு 85 செ.மீ. உள்ள நெட்டையான ஆளுக்கு இதே கணக்கைப் போட்டால் சீட் 105-ல் நிற்கிறது. அவருக்கும் பாதம் பதியாது! அவர் என்ன செய்கிறார்? வண்டி நின்றதும் சீட்டை விட்டு முன்னால் இறங்கி, ஃபிரேமுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கிறார். அவரைப் பார்த்து யாரும் சீட்டை இறக்கச் சொல்வதில்லை. எங்களைப் பார்த்தால் மட்டும் அந்த அக்கறை எங்கிருந்து வருகிறது? என்ன நியாயம் இது?

இறக்கி ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்பவர்கள் யோசிப்பதே இல்லை. பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த மடங்கலோடேயே முழு பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டியிருக்கிறது. பாரம் முழுக்க முன்தொடைக்கும் முட்டிச் சில்லுக்கும் போகிறது. ஏற்றத்தில் கொஞ்ச தூரத்திலேயே தொடை எரியும், இறங்கி நடந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். அப்போதும் அதே ஆட்கள் வந்து “பழகிடும்” என்பார்கள். ஒன்பதாம் நம்பர் செருப்பை ஆறாம் நம்பர் காலில் மாட்டிவிட்டுப் பழகச் சொல்வது போன்ற பேச்சு இது. எத்தனை பேர் இந்தப் பேச்சை நம்பி, தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துச் சைக்கிளையே மூலையில் போட்டிருப்பார்கள்! அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

சரியான உயரம் பார்ப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஓட்டும்போது போடும் அதே ஷூவோடு குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னால் சுற்றுங்கள். பெடல் அடிமட்டத்துக்குப் போகும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு பக்கவாட்டில் சாயக் கூடாது. அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு தானாக வரும். அடிமட்டத்தில் அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருப்பது நல்லது. இடுப்பு ஆடினாலோ முட்டிக்குப் பின்னால் இழுத்தாலோ உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சில மில்லிமீட்டர் இறக்கினாலே தெரியும். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகுமா? அதற்குக்கூட ஆளில்லை.

சரி, அடம்பிடித்துச் சரியான உயரத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்த மல்லுக்கட்டு டிராப்பர் போஸ்டோடு, அதாவது ஏறி இறங்கும் சீட் கம்பியோடு. செங்குத்தான இறக்கத்தில் சீட் உண்மையாகவே கீழே போக வேண்டும், ஏற்றத்தில் திரும்ப மேலே வர வேண்டும். ஹேண்டில்பாரில் இருக்கும் லிவரை அமுக்கி இதைச் செய்வதற்குத்தான் டிராப்பர். அருமையான சாமான், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அது யாருக்கு ஒத்துவருகிறது? அதே 61.8 செ.மீ.-ஐ, அதாவது 618 மி.மீ.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீட் டியூப் 400 மி.மீ. என்றால் மிச்சம் 218. சீட்டின் தடிமனுக்கு ஒரு 50, டிராப்பரின் அசையாத கழுத்துக்கும் தலைக்கும் இன்னொரு 50 போனால் கையில் நிற்பது 118. கடையில் சாதாரணமாக வரும், 125 மி.மீ. இறங்கும் டிராப்பர்கூட நுழையாது, 100-க்குத்தான் இறங்கியாக வேண்டும். சீட் டியூப் 440 உள்ள பழைய ஃபிரேமில் மிஞ்சுவது 78. நெட்டையானவர்கள் 200 மி.மீ. டிராப்பர் போட்டுப் பறக்கிறார்கள். இறக்கத்தில் அதே பள்ளத்தைத் தாண்டும் எங்களுக்கு அதில் பாதிதான், பழைய ஃபிரேமில் அதுகூடக் கிடையாது.

அந்த இடமாவது முழுசாகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. போஸ்டை உள்ளே விடுவோம், வழவழவென்று இறங்கிக்கொண்டே வரும், நடுவில் டக்கென்று நின்றுவிடும். டியூப் அங்கே வளைந்திருக்கும், அல்லது சஸ்பென்ஷன் அசையும் மூட்டான பிவட் குறுக்கே நிற்கும், அல்லது தண்ணீர் பாட்டில் மாட்டும் போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண சீட் போஸ்ட் என்றால், குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய நீளத்தை விட்டுவிட்டு அடியில் அறுத்துக்கொள்ளலாம். டிராப்பரை அறுக்க முடியாது, வேலை செய்யும் உறுப்புகளே அதற்குள்தான் இருக்கின்றன. தண்ணீர் பாட்டிலுக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டுபவருக்கு இடம் ஒதுக்கத் தெரியவில்லை.

29 அங்குல பின்சக்கரம் வேறு. முழு சஸ்பென்ஷன் வண்டியில் சீட்டை அடிவரை இறக்கி ஒரு குதி குதித்தால் டயர் மேலே ஏறி வந்து சீட்டின் அடியில் உரசவும் கூடும்.

எல்லாவற்றையும் விட என்னைக் கொதிக்க வைப்பது கிராங்க். மிகச் சிறிய சைஸ் ஃபிரேமை எடுத்துப் பாருங்கள், அதிலும் பல வண்டிகளில் 170 மி.மீ.; பழைய வண்டி என்றால் 175-கூட இருக்கும். ஆறடி ஆளுக்கும் அதேதான். ஃபிரேமைச் சிறியதாக்கினார்கள், ஹேண்டில்பாரைக் குறுக்கினார்கள், காலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட உறுப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்! 0.883 கணக்குக்கும் கிராங்க் நீளம் தெரியாது, அதுவும் அதன் குறைதான். 175-ஐக் கழற்றிவிட்டு 160 போட்டால் என்ன நடக்கிறது பாருங்கள். அடிமட்டத்தில் பெடல் 15 மி.மீ. மேலே வந்துவிடுவதால் சீட்டையும் 15 மி.மீ. ஏற்ற வேண்டும். உச்சியில் பெடலோ 15 மி.மீ. தாழ்ந்துவிட்டது. ஆக, முட்டி மடங்கும் இடத்தில் மொத்தம் 30 மி.மீ. விசாலம். அதோடு, சீட் ஏறிய அந்த 15 மி.மீ. டிராப்பருக்கும் கிடைக்கிறது: மேலே 118-ல் நுழையாத அந்த 125 இப்போது நுழைந்துவிடும். பெடல் கல்லில் இடிப்பதும் குறையும். ஒரே உறுப்பை மாற்றினால் இத்தனை தீர்கிறது. 165, 160, 155 எல்லாம் சந்தையில் இருக்கிறது. அப்புறம் ஏன் சின்ன சைஸ் வண்டியை அந்தக் கிராங்கோடு அனுப்பாமல், வாங்கியவர் தலையில் இன்னொரு செலவைக் கட்டுகிறீர்கள்?

சைஸ் அட்டவணையிலும் பெரும்பாலும் ஆளின் உயரம் மட்டும்தான். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு உடல் நீளமாகவும் இன்னொருவருக்குக் கால் நீளமாகவும் இருக்கும். சீட் உயரத்தை முடிவு செய்வது கால். அதற்கு ஒரு கட்டம் கிடையாது! ஒவ்வொரு சைஸுக்கும் சீட் டியூப் நீளம், கிராங்க் நீளம், சீட் போஸ்ட் அதிகபட்சம் எவ்வளவு ஆழம் உள்ளே போகும் என்பது: இந்த மூன்றையும் போடுங்கள். முதல் இரண்டைத் தேடினால் எங்காவது கிடைத்துவிடுகிறது. மூன்றாவதைச் சில நிறுவனங்கள் போடத்தான் செய்கின்றன. மற்றவர்களிடம் கேட்டால் “வாங்கிப் போட்டுப் பாருங்க” என்கிறார்கள். ஃபிரேமை வரைந்தவரிடம் அந்த எண் இருக்கிறது. அதை அச்சிட என்ன தடை?