ஹெட்லைட்டுக்குப் போய் ஷாக் அப்சார்பரோடு வந்த கதை

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவன் போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ தெரியவில்லை. 2010 மாடல், 15 வருஷம் முடிந்துவிட்டது, ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றிதழை, இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியை எஃப்சிக்கு, அதாவது ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனைக்கு, காட்ட வேண்டும். சரி என்று லீவு போட்டுவிட்டு, அல்சூரிலிருந்து காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போய் வரிசையில் நின்றால், ஃபெயில். இடது ஹெட்லைட் கொஞ்சம் மேலே பார்க்கிறதாம். ஹேண்ட்பிரேக் லூஸாம். அவ்வளவுதான்.

மெக்கானிக்கிடம் விட்டேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. "ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு சார், சைலன்சர் போச்சு, பேட்டரி இன்னும் ஒரு வாரம் தாங்கினா பெருசு." அப்புறம் எதுதான் ஐயா மிச்சம், ஹாரனா? பிரேக் பேடும் காலி என்று அப்பளம் மாதிரி தேய்ந்த ஒன்றை எடுத்து நீட்டினார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் நானே நின்று வாங்கிப் போட்டு நாலு மாசம் ஆகவில்லை, நான் வாங்கிய கம்பெனிப் பெயர்கூட அதில் இல்லை! யார் வீட்டுப் பேடோ? கேட்டால், "உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன், குழந்தைங்க உட்கார்ற வண்டி" என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் டாக்டர் மாதிரி ஒரு முகம். அதற்கு மேல் எவன் வாயைத் திறப்பான்?

18,400 ரூபாய். ஹெட்லைட் இன்னும் மேலேதான் பார்க்கிறது. "அது சின்ன வேலை சார், நாளைக்கு வாங்க."