வீதி போட்டது யாருக்காக?

பாதசாரிகள் கவனமாக வீதியைக் கடக்க வேண்டும் என்று இனி ஒருவரும் எங்களுக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாடசாலைப் பிள்ளை அடிபட்டால் "பிள்ளை குறுக்கே ஓடியிருக்கும்" என்கிறார்கள். வயோதிபர் அடிபட்டால் அவருக்குக் கண் தெரிந்திருக்காது. இரவில் வேலை முடிந்து சைக்கிளில் போனவர் அடிபட்டால் சைக்கிளில் லைட் இருந்திருக்காது. வந்த டிப்பர் என்ன வேகத்தில் வந்தது என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்ல மாட்டார் என்ற துணிவில் பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

வன்னியில் ஓமந்தை தாண்டினால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி எங்கள் ஊர்களின் நடுவே போகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்ஸுக்கு இது பிந்திய நேரத்தை ஓடிப் பிடிக்கும் இடம். எங்களுக்கு இதுதான் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் போகும் பாதை. போருக்குப் பிறகு, குன்றும் குழியுமாகக் கிடந்த வீதிக்கு வழவழவென்று தார்க் காப்பெற் போட்டார்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடுவது இலகுவாகியது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் வாகனம் பறப்பதற்கு வழி செய்தவர்கள், அதே வீதியை ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு எப்படிக் கடப்பாள் என்று யோசிக்கவே இல்லை.

பாடசாலை விடும் 1.30 மணிக்கு யாராவது அதிகாரி வந்து, பாதசாரிகள் கடக்க எங்கள் பாடசாலை வாசலில் போட்ட மஞ்சள் கடவையில் நின்று பார்க்கட்டும். கடவை என்று சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. மஞ்சள் நிறம் தேய்ந்து, ஓரங்களில் மட்டும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே செயற்கைக் கால் பூட்டிய ஒருவர், மகளைக் கூட்டிப்போக வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் கையை உயர்த்துவார். தூரத்தில் வரும் பஸ் வேகத்தைக் குறைக்காது. லைட்டை அடித்துக் காட்டும். நான் நிறுத்தமாட்டேன், நீ நில் என்று அர்த்தம். அவர் வைத்த காலைப் பின்னுக்கு எடுப்பார். மகள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுப்பாள். வன்னியில் போரில் காலை இழந்தவர்கள், பார்வையை இழந்தவர்கள், உடலில் இன்னும் ஷெல் துண்டோடு நடப்பவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஷெல்லுக்குத் தப்பி வந்தவர்களை ஓடிக் கடக்கச் சொல்கிறது இந்த வீதி. அவர்கள் எப்படி ஓடுவார்கள்?

சட்டம் இல்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கடவையில் கால் வைத்தவருக்குத்தான் முதலிடம். குடிமனைப் பகுதியில் முச்சக்கர வண்டிக்கு மணிக்கு 40 கிலோமீற்றர், கார், பஸ்ஸுக்கு 50 என்று எல்லையும் இருக்கிறது. அந்த எல்லை விளையாட்டுக்குப் போட்டதல்ல. 50இல் வரும் கார் மோதுவதோடு ஒப்பிட்டால், 65இல் வரும் கார் மோதும்போது நடந்து போகிறவர் சாகும் அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் 15 கிலோமீற்றர் வித்தியாசம்! எங்கள் பாடசாலை வாசலில் 65இல் போகும் வாகனத்தை மெதுவாகப் போகிறது என்று சொல்லும் நிலையில் நாங்கள் இருக்கிறோம்.

மணல், கிரவல் ஏற்றும் டிப்பர்களைப் பற்றிப் பேசினால் வயிறு எரிகிறது. லோட் கணக்கில் கூலி கொடுத்தால் சாரதி பறக்கத்தான் செய்வார். அந்தக் கணக்கை வைத்த முதலாளியை யார் கேட்டார்கள்? விபத்து நடந்தால் ஊர் கூடி வீதியை மறிக்கும். ரயர் எரியும். வாக்குறுதி தருவார்கள். இரண்டு கிழமை பொலிஸார் நிற்பார்கள், பிறகு காணாமல் போவார்கள். "மேலதிக விசாரணைகள் தொடர்கின்றன" என்ற வரியோடு செய்தியும் முடிந்துவிடும். வழக்கு என்ன ஆனது, சாரதி அனுமதிப்பத்திரம் என்ன ஆனது என்று அந்தக் குடும்பத்துக்கு ஒருவரும் வந்து சொல்வதில்லை.

ஓரமாக நடந்தால் என்ன என்று கேட்பவர்கள் அந்த ஓரத்தில் ஒரு மாலை நடந்து பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த லொறிகள், கட்டாக்காலி மாடுகள், அறுவடைக் காலத்தில் காயப்போட்ட நெல். (நெல் போடுகிற விவசாயியை நான் குறை சொல்லமாட்டேன், போதிய உலர்த்தும் தளம் இருந்தால் அவர் ஏன் வீதிக்கு வருகிறார்?) இவை எல்லாவற்றையும் சுற்றிப் போக, நடப்பவர் வாகனம் ஓடும் தாருக்குள்தான் இறங்க வேண்டும். இருட்டிவிட்டால் பல இடங்களில் விளக்கும் இல்லை.

நாங்கள் ஏறிக் கடக்கும் நடைமேம்பாலம் கேட்கவில்லை. செயற்கைக் காலோடு அத்தனை படி ஏற எங்களால் முடியாது. வீதி எங்களுக்காக இறங்கி வரட்டும். பாடசாலை வாசலில் உயர்த்திக் கட்டிய கடவையைப் போடுங்கள், வாகனம் தானாக வேகத்தைக் குறைக்கும். பாடசாலை தொடங்கும் நேரமும் விடும் நேரமும் டிப்பரை ஊருக்குள் விடாதீர்கள். கடவையில் நிறுத்தாதவருக்குத் தண்டம் எழுதுங்கள், அமைச்சர் வரும் நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும்.

மகஜர் கொடுத்தோம், வாங்கியவர் சிரித்த முகத்தோடு படத்துக்கு நின்றார், அத்தோடு சரி. இனி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் ஒவ்வொன்றிலும் இதைக் கேட்போம். எந்தப் பாடசாலை வாசலில், எந்தத் திகதிக்கு முன்பு, யார் பொறுப்பில் கடவை போடப்படும்? இந்த மூன்றும் எழுத்தில் வேண்டும். தராவிட்டால் அந்தக் கடவையிலேயே பிள்ளைகளோடும் பெற்றோரோடும் நிற்போம், லைட் அடித்தாலும் விலகமாட்டோம்.