வார்த்தை இல்லாவிட்டால் துதி இல்லையா?

சென்ற ஞாயிறு ஆராதனைக்கு முன் நடந்ததை அங்கிருந்த நண்பர்கள் அறிவீர்கள். நான் ஒலிக்கவிட்டிருந்த 'இன்வென்ஷன்' இசைத்தொகுப்பைப் பாதியில் நிறுத்தச் சொன்ன பெரியவர், "இதில் இயேசுவின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லையே, தம்பி" என்றார். அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் தைத்தபடியே இருக்கிறது.

ஃபில் கேகி, வெஸ் கிங், ஸ்காட் டென்டே ஆகிய மூன்று கிட்டார் கலைஞர்கள் சேர்ந்து 1997இல் வெளியிட்ட தொகுப்பு அது. மூவரும் பாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். கிங் தாமே எழுதிப் பாடுகிறவர். டென்டே தம் மனைவி கிறிஸ்டீனுடன் 'அவுட் ஆஃப் தி கிரே' என்ற பெயரில் பாடியவர். கேகி 1970களிலிருந்து தம் விசுவாசத்தைப் பாடிவருபவர். கைவசம் அத்தனை வார்த்தைகள் இருந்தும், அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் கம்பிகளைப் பேசவிட்டிருக்கிறார்கள். கேகி நான்கு வயதில் தண்ணீர் பம்பில் சிக்கி வலக்கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர். கம்பியை மீட்டுகிற கை அது. அந்தக் கையே சாட்சி. அதற்கு மேல் எந்த வரியைக் கேட்கிறீர்கள்?

வரி இல்லாவிட்டால் மனம் அலைபாயும் என்பீர்கள். உண்மைதான், என் மனமும் அலைந்திருக்கிறது. மனப்பாடமான பாமாலையைப் பாடும்போதும் அலைந்திருக்கிறதே! திறமையைக் காட்டுகிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. பாடகர் ஓர் அடியை நான்கு முறை நீட்டினால் அபிஷேகம், கிட்டார் நீட்டினால் மட்டும் பெருமையா? சவுலின் கலக்கம் தீர தாவீது சுரமண்டலத்தைக் கையினால் வாசித்தார் என்றுதான் வேதம் சொல்கிறது. என்ன பாடினார் என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. வார்த்தை இல்லாததால் துதி இல்லாமல் போகாது.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. மொட்டைமாடியில், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இந்தத் தொகுப்பைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். விடியும் நேரத்தில் 'ஆமென்' என்ற ஒரே சொல் வந்தது.

பதினாறு ஆண்டுகளாகப் பாடகர் குழுவுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறேன். "வார்த்தை கேட்கவில்லை, கிட்டாரைக் குறையுங்கள்" என்ற குரல் வந்ததும் மிக்சரில் என் வாசிப்பை இறக்குவார்கள். நானும் ஒன்றும் சொன்னதில்லை. அன்று இசையை நிறுத்திய பிறகு ஆராதனை தொடங்கும்வரை ஆலயம் முழுக்க வார்த்தைகள்தான்: கல்யாண வீட்டுச் சாப்பாடு, வண்டி நிறுத்த இடமில்லாதது, யாரோ ஒருவரின் மருமகள். அவற்றில் இயேசுவின் பெயர் எத்தனை முறை வந்தது என்று அந்தப் பெரியவரிடம் கேட்க நினைத்தேன். கேட்காமல் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.