டிடிஎஸ் குறைந்தால் போதுமா?
டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள பொருட்களின் மொத்த அளவு, மீட்டரில் குறையக் குறையக் குடிநீர் சுத்தம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அதை ஏற்க முடியவில்லை. அந்த மீட்டர் மின்கடத்தலை வைத்துக் கரைந்த உப்புகளை மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். கிருமிகள் அதில் தெரியாது. சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ கருவியை விற்க வருபவர்கள் குழாய்நீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்களே, நீர் பழுப்பாகிவிடும், எங்கள் வீட்டிலும் காட்டினார்கள். அது நீரில் இருந்த அழுக்கே அல்ல, கரைந்து வரும் இரும்புக் கம்பி! ஆர்ஓ நீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால்தான் நிறம் மாறுவதில்லை. கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இப்படிப் பயமுறுத்தி விற்பது அநியாயம். சரி, ஆர்ஓ யாருக்குமே வேண்டாமா? ஆய்வகச் சோதனையில் ஃபுளோரைடோ உப்போ அதிகம் என்று வந்தால் கட்டாயம் வாங்கலாம்.