போய் இறங்குகிற கப்பல்கள்

ஓய்வுபெற்ற கப்பல்களில் எதை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று உல்லாசக் கப்பல் பிரியர்களைக் கேட்டால் கியூஇ2 (குயின் எலிசபெத் 2) என்பார்கள், நார்வே என்பார்கள், பசிபிக் பிரின்சஸ் என்பார்கள். அதே கேள்வியை ராயபுரத்திலோ மண்ணடியிலோ நாகூரிலோ வயதான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே மாட்டார். "ரஜுலா" என்பார். கொஞ்சம் இளையவர் என்றால் "சிதம்பரம்".

இரண்டு பேர் சொல்வதும் பாசம்தான். ஆனால் இரண்டும் ஒரே பாசம் இல்லை என்பது என் எண்ணம். சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிற கப்பல் ஒன்று. ஓர் ஊருக்குப் போய் இறங்குகிற கப்பல் இன்னொன்று. நம் ஊர் இழந்தது இரண்டாவது வகையை. அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போய்விட்டதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ரஜுலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். மெட்ராஸில் கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று நின்று நின்று சிங்கப்பூர் போகும். போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் இன்றைய கிளாங் துறைமுகம். ஆரம்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற இதற்கு அனுமதி இருந்தது. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் சுமக்கிற கூட்டம் அது. ரஜுலாவோ அவற்றோடு ஒப்பிட்டால் சின்னக் கப்பல். ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம், தலைமாட்டில் பெட்டி, கால்மாட்டில் பக்கத்துக் குடும்பம். ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள், பலசரக்குக் கடையில் கணக்கு எழுதப் போனவர்கள், கல்யாணம் ஆன கையோடு முன்பின் தெரியாத நாட்டுக்குப் புருஷனைத் தேடிப் போன பெண்கள், எல்லாரும் அந்தத் தளத்தில்தான் படுத்துக்கொண்டு போனார்கள்.

ரஜுலாவுக்கு ரோணா என்று ஒரு சகோதரிக் கப்பல் இருந்தது. அதுவும் நம் ஆட்களை ஏற்றிப் போன கப்பல்தான். போர்க்காலத்தில் படைவீரர்களைச் சுமக்கப் போனது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியா பக்கம் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானம் வீசிய குண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அதில் இறந்தார்கள். ரஜுலாவும் போருக்குப் போனது, பிழைத்துத் திரும்பி வந்தது, பழைய பாதையிலேயே மறுபடி ஓடியது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கியது. அடுத்த வருடமே உடைக்கப் போய்விட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைப்பு.

நாகப்பட்டினத்தில் ஏறியவர்களின் கதை தனி. பெரிய கப்பல் கரைக்கு வர அங்கே ஆழம் போதாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். என் அம்மாவின் ஊர் நாகை. அம்மா சொல்லுவார்: தோணி அலையில் மேலே எழும்பும்போது படியில் காலை வைக்க வேண்டும், இறங்கும்போது வைத்தால் ஆள் காலி. மேலே ஒருவர் கை நீட்டுவார், கீழே ஒருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார். கைக்குழந்தையைப் பொட்டலம் மாதிரி கைமாற்றிக் கொடுப்பார்களாம். அந்த நேரத்தில் யார் என்ன சாதி, யார் என்ன மதம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை என்பதை அம்மா ஒவ்வொரு தடவையும் தவறாமல் சொல்லுவார்.

சிதம்பரம் கப்பல் என் தலைமுறைக்குக் கொஞ்சம் தெரியும். 1966-இல் பிரான்சில் பாஸ்டர் என்ற பெயரில் பிறந்தது, ஐரோப்பாவுக்கும் தென்அமெரிக்காவுக்கும் நடுவே ஓடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பல் கழகம் அதை வாங்கி, நம் பாதைக்குத் தகுந்தபடி மாற்றிக் கட்டி, வ.உ.சி.யின் பெயரை வைத்தது. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதி, கடைசியில் செக்கிழுத்தவரின் பெயர் ஒரு பயணிகள் கப்பலின் நெற்றியில் இருந்தது. அதைவிடப் பொருத்தமான இடம் அவர் பெயருக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. எந்தச் சிலையைவிடவும் அது பெரிய மரியாதை.

பினாங்கில் இருந்த எங்கள் பெரிய மாமா அந்தக் கப்பலில்தான் வருவார். துறைமுகத்துக்குக் குடும்பத்தோடு போவோம். கப்பல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆள் வெளியே வர அரை நாள் ஆகிவிடும். கஸ்டம்ஸ் ஷெட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்து முடித்த பெட்டியில் சாக்பீஸால் ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறி விழுந்ததும் மாமா முகத்தில் வருகிற நிம்மதியை அடையாளம் கண்டுகொள்ள நாங்கள் கற்றிருந்தோம். பெட்டி பச்சைத் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயர், அப்பா பெயர், ஊர். திறந்தால் கோடாலித் தைலம், மைலோ டப்பா, கைலிகள், அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, எனக்கு ஒரு பேனா. எல்லாவற்றின் மேலும் ஒரே வாசனை. பாச்சாஉருண்டையும் சோப்பும் எண்ணெயும் கலந்த வாசனை. அந்தப் பெட்டி காலியான பிறகும் பல வருடம் எங்கள் வீட்டில் அரிசிப் பெட்டியாக இருந்தது.

1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீப்பிடித்தது. சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த பயணம் அது. பலர் உயிரிழந்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றவில்லை, உடைக்கத்தான் போனது. அந்தப் பயணத்தோடு மெட்ராஸ்–பினாங்கு–சிங்கப்பூர் என்ற ஒரு பழைய பாதையே முடிந்துபோனது. நல்ல நினைவுகளை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது அன்று இறந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

வெளிநாட்டு உல்லாசக் கப்பல்களை நேசிப்பவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. கியூஇ2 1969 முதல் 2008 வரை ஓடியது. ஒரே கப்பலில் தேனிலவு போனவர்கள், அதே கப்பலில் பேரனோடு போயிருப்பார்கள். அவர்களுக்கு அது வீடுதான். அதற்கு நல்ல கதி கிடைத்தது, 2018 முதல் துபாயில் ஓட்டலாக நிற்கிறது. நார்வேக்கு அது வாய்க்கவில்லை. பிரான்ஸ் என்ற பெயரில் 1962-இல் கடலுக்கு வந்தது. 2004-இல் குயின் மேரி 2 வரும்வரை உலகிலேயே நீளமான பயணிகள் கப்பல் அதுதான். 2003-இல் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறகு நம் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸால் உடைக்கிற தொழிலாளிக்கு ஆபத்து என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பாவில் அந்தக் கப்பலுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் பலர். அதை வெறும் கையால் பிரித்துப் போட்டவர்களின் பெயரும் அந்த நினைவில் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் புறப்பட்டபோது ஊரே புதுக் கப்பல் வந்ததாகக் கொண்டாடியது. அது 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் வந்த கப்பல். ராயல் கரீபியன் அதை 2020-இல் விற்றது. நம் ஆட்கள் மேல்தளத்தில் நின்று செல்ஃபி எடுத்த அதே கைப்பிடியில் முப்பது வருடமாக வேறு யார் யாரோ சாய்ந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது பிரிந்துபோன கப்பல், நம் கணக்கில் வந்து சேர்ந்த கப்பல். நானும் அதில் போனேன். சாப்பாடு நன்றாக இருந்தது, குழந்தைகள் குதூகலமாக இருந்தார்கள், அலுவலக நண்பர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள். எல்லாம் சரி. ஆனால் ஒருவரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்கவே முடியாது. அந்தக் கேள்வி இல்லாமல் பேச்சு எப்படித் தொடங்கும்?

அந்தமான் கப்பலில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. ராஜாஜி சாலை ஜவகர் கட்டிடத்தில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, பங்க் கிளாஸில் ஹர்ஷவர்தனாவில் போயிருக்கிறேன். அந்தக் கப்பலும் இன்று இல்லை, ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ மூன்று நாள். ஊரின் பெயரையும் இப்போது ஸ்ரீவிஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். முதல் நாள் பாதிப் பேர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு பெரியம்மா ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, "எலுமிச்சை ஊறுகா, நாக்குல தடவிக்க தம்பி, நிக்கும்" என்று வரிசையாக எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே போனார். நின்றது. அவர் மகன் அங்கே பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தாராம். மருமகளுக்கு வளைகாப்பு. சென்னையில் வாங்கிய கண்ணாடி வளையல்களைத் துணிக்குள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே தூங்கினார். கேன்டீனில் டோக்கன் கொடுத்துச் சோறு வாங்கினோம். சாயங்காலம் தளத்தில் நின்றால் பறவைக்கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி, தண்ணீரை ஒட்டிப் பறந்து போகும். அதைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவோம்.

கழிப்பறை நாறியது, மின்விசிறி பாதி ஓடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பெரியம்மாவுக்குக் கப்பல் ஒரு வேலைக்காரன். மகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கடமை அதற்கு இருந்தது. ரஜுலாவையும் சிதம்பரத்தையும் பற்றி நம் பெரியவர்கள் பேசும்போது குரலில் வருகிற நன்றியும் இதுதான் என்று நினைக்கிறேன். சேர்த்துவிட்டதே, அந்த நன்றி.

விமானம் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர் போகும்போது ஒரு வாரம் யார் கப்பலில் கிடப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிங்கப்பூர்க் கப்பல் திரும்பி வரும் என்று நான் கனவு காணவில்லை. ஆனால் பக்கத்துக் கரைக்குப் போவதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 1914 முதல் போட் மெயில் ரயிலில் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி தலைமன்னார் போய் கொழும்பு ரயிலைப் பிடித்தார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. எண்பதுகளில் இலங்கைப் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. பல தலைமுறை அக்கரையில் அத்தை, இக்கரையில் மாமன் என்று வாழ்ந்தவர்களுக்கு நடுவே வாசலை மூடியது போல ஆகிவிட்டது.

நாற்பது வருடம் கழித்து, 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் ஓடியது. கொஞ்ச நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். சின்னக் கப்பல்தான், மழைக்காலத்தில் நிற்கத்தான் செய்யும். ஆனாலும் போய் இறங்குகிற கப்பல். உல்லாசக் கப்பலுக்குக் கொடியசைக்கக் கிடைக்கிற ஆரவாரத்தில் கால் பங்கு இதற்குக் கிடைத்தால் போதும். லாபம் வருகிறதா என்று மாதாமாதம் பார்க்காமல் ஒரு பஸ் ரூட்டை நடத்துகிற மனதோடு அரசு இதை நடத்த வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் முனையத்தில் ஒரு சுவர் முழுக்க ரஜுலாவுக்கும் சிதம்பரத்துக்கும் அதே பாதையில் ஓடிய ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் கப்பலுக்கும் அந்தமான் கப்பல்களுக்கும் வேண்டும். கப்பலையே காப்பாற்றி நிறுத்துவது பெரும் செலவு, அதை நான் கேட்கவில்லை. டெக் டிக்கெட், கஸ்டம்ஸ் குறி அழியாத ஒரு தகரப் பெட்டி, பழைய பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை, தளத்தில் எடுத்த புகைப்படம், இவை நம் வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. அடுத்த வீடு மாற்றலில் பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடும்.

அதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். வீட்டில் கப்பலில் வந்த பெரியவர் இருந்தால் இந்த வாரமே உட்கார வைத்துப் பேச்சைப் பதிவுசெய்யுங்கள். எந்தக் கப்பல், எந்த வருடம், நாகையில் ஏறினாரா மெட்ராஸிலா, பக்கத்தில் படுத்திருந்தவர் யார் என்று கேளுங்கள். புகைப்படம் கிடைத்தால் இங்கே பதிவிடுங்கள். பின்னால் நிற்கிற தெரியாத ஆட்களை வெட்டிவிட வேண்டாம், அவர்கள் வீட்டில் அந்த முகத்தின் வேறு படமே இல்லாமல் இருக்கலாம்.