ஒவ்வொன்றாகத்தான் ஏற்றுவேன், அதற்கு இப்போ என்ன?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். நம் போட்டோ சர்வரைப் புதுப் பதிப்புக்குப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று நான் சொன்னதற்கு வந்த பதில்: "அண்ணன் எல்லாத்தையும் மாட்டு வண்டியிலதான் ஓட்டுவாரு." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகப் போட்டோ எதுவும் திறக்காமல் இருந்தது யாரால் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

காரைக்குடி வீட்டு இரண்டாம் கட்டில், ஒரு பழைய கம்ப்யூட்டரில் நம் நெக்ஸ்ட்கிளவுட் ஓடுகிறது, குடும்பப் போட்டோக்களை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மென்பொருள். இருந்தது 25-ஆம் பதிப்பு. அதை 30-க்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் சொன்னது 26, 27, 28, 29, அப்புறம் 30. நடுவில் ஒன்றையும் தாண்டக் கூடாது. லீவுக்கு வந்த தம்பி, நான் கோவிலூர் வரை போய் வருவதற்குள், எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் டாக்கர் ஃபைலில் 25-ஐ அடித்து 30 என்று போட்டுவிட்டார்.

அது ஏறவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பெரிய பதிப்புதான் ஏற முடியும் என்று தெளிவாகச் சொல்லி நின்றுவிட்டது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். பதிப்பு எண் இருக்கிற இடங்களை எல்லாம் தேடிப்பிடித்துத் திருத்தி, ஏதோ 29-லிருந்து வருகிற மாதிரி அதை நம்ப வைத்திருக்கிறார். அதோடு போட்டோ திறப்பது நின்றது. மூளைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பதிப்பும் டேட்டாபேஸ் அட்டவணைகளைக் கொஞ்சம் மாற்றும். 30-இல் இருக்கும் மாற்றம், 29 தன் வேலையை முடித்துவிட்டது என்று நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை யார் செய்வது? தாண்டக் கூடாது என்றால் தாண்டக் கூடாது.

சில வருஷம் முன்பு வளவுச் சுவரில் ஓரிடம் பெயர்ந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது, நாளாகும் என்றார் கொத்தனார். "சிமெண்டை வச்சு இன்னைக்கே முடிங்க" என்றார் சித்தப்பா, மறுநாள் அவருக்கு ரயில். அடுத்த மழைக்கு உப்பிக்கொண்டது. இப்போதும் விரல் முட்டியால் தட்டினால் அங்கே மட்டும் காலிப் பானைச் சத்தம். தட்டிப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு ஏற்ற பிள்ளை. சரி, அதை விடுங்கள்.

"போஸ்ட்கிரெஸ் தாண்டிப் போகுதே?" என்று அந்த டேட்டாபேஸ் மென்பொருளைக் காட்டி வருவீர்கள். போகும். அதற்கு பிஜி_அப்கிரேட் என்று தனியாக ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள், பழைய பதிப்பிலிருந்து பல படி தாண்டலாம். செய்தவர்களே தாண்டலாம் என்றால் தாண்டுங்கள், நானும் தாண்டுவேன். கம்ப்யூட்டரையே ஓட்டும் லினக்ஸ் வகைகளைப் பாருங்கள். டெபியனில் 11-லிருந்து நேரே 13-க்குப் போகாதே என்கிறார்கள். உபுண்டு 20.04-இல் இருப்பவர் 22.04 வழியாகத்தான் 24.04-க்குப் போக வேண்டும். அவர்களும் மாட்டு வண்டிக்காரர்களா?

"புதிதாகப் போட்டு ஃபைலை மட்டும் காப்பி பண்ணலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அப்பத்தா சாந்தி விழாப் படங்களுக்கு யார் யார் என்று உட்கார்ந்து பெயர் போட்டது நான். ஃபைலை மட்டும் எடுத்தால் அந்தப் பெயர்கள் கூட வராது.

"அப்பப்போ ஏத்தியிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல். நியாயம். 25 வெளிவந்தது 2022 அக்டோபரில். அதற்கப்புறம் நான் மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அலைச்சல் குரூப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்பச்சிக்கு மாத்திரை கொடுக்கும் நேரத்தை ஞாபகம் வைத்திருந்தேன், பதிப்பு எண்ணை வைத்திருக்கவில்லை. மன்னிக்கவும்.

சனிக்கிழமை ராத்திரி எடுத்த பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். அதை எடுத்து வைத்ததும் இந்த மாட்டு வண்டிக்காரன்தான். திரும்பப் போட்டு, 26, திறந்து பார்த்தேன். 27, பார்த்தேன். 30 வந்தபோது தெருவில் பால்காரர் மணி அடித்தார்.

காலையில் குரூப்பில் தம்பி: "இப்போ ஓடுது போல, சூப்பர்." அதற்கும் கைதட்டல்.

அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். யாரும் கேட்க வேண்டாம்.